மேகாத்து மழை

காலைச் செய்தியின் வாலில் வரும் வானிலை அறிக்கையை நம்மில் எத்தனை பேர் காது கொடுத்துக் கேட்கிறோம்? பிற்பகலில் தீவின் சில பகுதிகளில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும், அதிகபட்ச வெப்பநிலை 33 அல்லது 34 டிகிரி செல்சியஸ். ஜூன் மாதத்தில் எழுதிய இந்த வாக்கியத்தை நவம்பரில் எடுத்து வாசித்தாலும் பெரும்பாலும் பொருந்திவிடும். ஆண்டில் ஏறத்தாழ 170 நாட்கள் மழை பெய்யும் ஊர் இது. குடை எப்போதும் பையிலேயே கிடக்கிறது. வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை கூரை போட்ட நடைபாதை. விரிவுரை மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் வெளியே மழை வந்ததும் தெரியாது, நின்றதும் தெரியாது. நம்மைப் போன்ற மாணவர்கள் வானிலை அறிக்கையைக் கேட்காமலேயே ஒரு பட்டப்படிப்பை முடித்துவிடலாம்!

ஆனால் அந்த அறிக்கைகளில் ஒரு வரி மட்டும் என்னை நிறுத்திவைக்கும். சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முன்னோட்டம் ஒன்றை வெளியிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நீடிக்கும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தப் பொருளில் ஒரு வரி அதில் அடிக்கடி வரும்: ஓரிரு நாட்களில் அதிகாலைக்கும் முற்பகலுக்கும் இடையே, சுமத்ராப் பக்கமிருந்து வரும் சூறைக்காற்றும் இடிமழையும் தீவைக் கடந்து செல்லலாம்.

அதிகாலைக்கும் முற்பகலுக்கும் இடையே! போர்வைக்குள் இருப்பவருக்கு அது ஒரே பொழுது. அந்தப் பொழுதுக்குள்ளேயே எழுந்து, சமைத்து, நடந்து, வேலையில் பாதியை முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாலு மணி மழை வேறு, ஆறு மணி மழை வேறு, எட்டு மணி மழை முற்றிலும் வேறு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் பாட்டி. இன்னொருவர் ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து இங்கே கட்டுமான வேலைக்கு வந்திருக்கும் ஓர் அண்ணன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

முதலில் இந்தச் சுமத்ராக் காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பகலில் கடலிலிருந்து நிலத்துக்கும், இரவில் நிலத்திலிருந்து கடலுக்கும் காற்று வீசும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். மலாக்கா நீரிணை ஒரு குறுகிய கடல். அதன் ஒரு கரையில் சுமத்ரா, மறு கரையில் மலாயாத் தீபகற்பம். இரவில் இரண்டு கரைகளிலிருந்தும் குளிர்ந்த காற்று கடலை நோக்கி இறங்குகிறது. நடுவில் வெதுவெதுப்பான கடல்நீருக்கு மேலே இரண்டும் முட்டிக்கொண்டால் ஈரக்காற்று மேலே எழுந்துதான் ஆகவேண்டும். அங்கே இடிமேகங்கள் உருவாகின்றன. இப்படி நீரிணையிலும் சுமத்ராக் கரையிலும் பிறந்த மேகங்கள், தென்மேற்கிலிருந்து வீசும் மேல்மட்டக் காற்றில் தள்ளப்பட்டு, தோளோடு தோள் சேர்ந்து ஒரு வரிசையாகக் கிழக்கு நோக்கி நகர்கின்றன. வரிசைக்கு முன்னால், மழையோடு சேர்ந்து மேலேயிருந்து இறங்கும் குளிர்காற்று ஓடி வருகிறது. வழக்கமாக மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம். ஒன்று இரண்டு மணி நேரம் ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டு அப்படியே கிழக்கே போய்விடும். அதன்பின் முற்பகல் முழுவதும் பிசுபிசுவென்று மந்தாரமாகக் கிடக்கும்.

இது விளையாட்டுக் காற்று இல்லை. 1984 ஏப்ரல் 25 அன்று தெங்காவில் மணிக்கு 144.4 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பதிவானது. இந்த நாட்டில் பதிவான மிக வேகமான காற்று அதுதான். அண்மையில் 2024 செப்டம்பர் 17 அன்று வந்த சுமத்ரா, விதிவிலக்காக மாலையில் வந்தது. அன்றும் தெங்காவில்தான், மணிக்கு 83.2 கிலோமீட்டர். தீவு முழுவதும் 300க்கும் மேற்பட்ட மரங்கள் முறிந்தும் சாய்ந்தும் போயின. பொதுவாக மேற்கிலிருக்கும் துவாசும் தெங்காவும்தான் முதல் அடியை வாங்கும். வடக்கே இருக்கும் செம்பவாங்குக்கு வரும்போது அதன் மூர்க்கம் சற்றே குறைந்திருக்கும் என்று ஆறுதலுக்குச் சொல்லலாம். விடியற்காலையில் பத்தாவது மாடியின் சன்னல் தடதடக்கும்போது அந்த ஆறுதல் அவ்வளவாக உதவுவதில்லை.

செம்பவாங்கில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறேன். என் வீடு ஜொகூரில், மாசாயில். செம்பவாங் பூங்காவின் படகுத்துறையில் போய் நின்றால் எதிரே நீரிணைக்கு அப்பால் பாசிர் கூடாங்கின் புகைபோக்கிகள் தெரியும். அதற்குச் சற்று உள்ளே எங்கள் வீடு. தூண்டில் போடுகிறவர்களுக்கு நடுவே நின்று, “அதோ, அங்கேதான்” என்று கையை நீட்டிச் சொல்லக்கூடிய தூரம். ஆனால் கைப்பேசியில் சிங்கப்பூரின் இரண்டு மணி நேர முன்னறிவிப்பைத் திறந்தால், மண்டாய் இருக்கும், ஈசூன் இருக்கும், செம்பவாங் இருக்கும், அதோடு உலகம் முடிந்துவிடும். நீரிணைக்கு அந்தப் பக்கம் மலேசிய வானிலைத் துறையின் பொறுப்பு. குடிநுழைவுச் சோதனை இல்லாமல் தினமும் எல்லை கடக்கும் ஒரே பயணி மழைதான் என்று உட்லண்ட்ஸ் பாலத்து நெரிசலில் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

என் பாட்டி, மாசாய்க்குப் பக்கத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. அடுக்கு வீடுகளாகவும் கார் கழுவும் கடைகளாகவும் ஆகிவிட்டது. பாட்டி சுமத்ரா என்று சொன்னதே இல்லை. அவருக்கு அது ‘மேகாத்து மழை’. மேல்காற்று மழை என்பதன் பேச்சு வடிவம். ‘சும்மா மழை’ என்று ஒன்று உண்டு, அது பிற்பகலில் வருவது. அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பேச்செல்லாம் மேகாத்து மழையைப் பற்றித்தான்.

ஏன் என்பதற்குப் பால்வெட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது குளிர்ந்த விடியற்பொழுதில். வெயில் ஏற ஏறப் பால் நின்றுவிடும். ஆகவே ஐந்து, ஐந்தரைக்குப் பெரட்டு. தொழிலாளர்கள் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். பிறகு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவரவர் நிரைக்குப் போய், மரம் மரமாக உளியால் பட்டையைச் சீவி, வெட்டின் வழியே வழியும் பால் மங்கில் விழுமாறு செய்து, அடுத்த மரத்துக்கு ஓடவேண்டும். எல்லா மரங்களையும் வெட்டி முடித்து, பசியாறி, பத்து மணி வாக்கில் மறுபடியும் முதல் மரத்துக்கு வந்து வாளியில் பாலைச் சேகரித்து, ஸ்டோரில் கொண்டுபோய் நிறுத்துப் போட வேண்டும். நிறுவைக்குத் தகுந்த காசு.

இப்போது அந்த முன்னோட்ட வரியை எடுத்து இதன் மேல் வைத்துப் பாருங்கள். மேகாத்து மழை நாலு மணிக்கு வந்தால், மரமெல்லாம் நனைந்திருக்கும். நனைந்த பட்டையில் வெட்டினால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் மரமெங்கும் பரவி வழிந்துவிடும். அன்றைக்குப் பெரட்டைத் தள்ளிவைப்பார்கள். காய்ந்தால் ஏழு மணிக்கு மேல் வேலை, காயாவிட்டால் வேலையில்லை. ‘பேரு’ விழாது. செக்ரோலில் பெயருக்கு நேரே விழும் ஒரு நாள் கூலிக்குத்தான் தோட்டத்தில் ‘பேரு’ என்று பெயர். இருந்தாலும் உடம்புக்கு ஓய்வாவது மிஞ்சும். எட்டு மணிக்கு வந்தால்தான் கொடுமை. அத்தனை மரங்களையும் வெட்டி முடித்திருப்பார்கள். மங்கில் பாதி பால் நின்றிருக்கும். மழை அதில் கொட்டி, நிரம்பி, வெள்ளை வெள்ளையாக மண்ணில் வழிந்து ஓடும். முதுகு ஒடிய வேலை செய்த களைப்பு மட்டும் மிச்சம். மறுநாள் மரத்தில் ஒட்டிக்கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்தால் சில காசு.

“எட்டு மணி மழைக்குத்தான் அழுவாச்சி வரும். நாலு மணி மழைக்குத் தூக்கம் வரும்” என்பார் பாட்டி.

அவருக்கு ரேடார் இல்லை. மூன்றரை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் லயத்தின் பின்பக்கம் போய் மேற்கே பார்ப்பார். சத்தமில்லாமல் அடிவானத்தில் மின்னல் வெட்டினால் மழை இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு நேரம் கழித்து இடி கேட்கத் தொடங்குகிறது என்று கணக்குப் பார்ப்பார். சோறு பொங்கி இறக்குவதற்குள் இடி கேட்டுவிட்டால் பெரட்டுக்கு முன்னால் மழை. சாப்பாடு கட்டி முடித்த பிறகும் கேட்காவிட்டால், போய்ப் பாதி மரம் வெட்டும்போது மாட்டிக்கொள்வோம். தவளைச் சத்தம் அடங்கி, இலை அசையாமல் ஒரு புழுக்கம் வந்துவிட்டால், அதற்குப் பிறகு கணக்குப் போட நேரமில்லை. கொடியில் கிடக்கும் துணியை எடுக்க வேண்டியதுதான். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று விநாடி ஆகும் என்று பாட்டிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சோற்றுப் பானைதான் அவருடைய கடிகாரம்.

கணக்குச் சரியாக வந்தாலும் என்ன செய்ய முடிந்தது என்று ஒருமுறை கேட்டேன். எட்டு மணி மழை என்று தெரிந்தாலும் பெரட்டுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். மழை வரும், இன்றைக்கு வெட்ட வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமை மரம் வெட்டுகிறவருக்குக் கிடையாது. தண்டலுக்கும் கிராணிக்கும்தான் உண்டு. பாட்டியால் முடிந்ததெல்லாம் பிள்ளைகளை அன்றைக்கு உதவிக்கு எழுப்பாமல் தூங்கவிடுவதுதான். “அது போதாதா?” என்றார்.

தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டில் நான்கு திசைக் காற்றுகளின் பெயர்களை மனப்பாடம் செய்தோம். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. கொண்டல் என்றால் மழைமேகம் என்றும் பொருள். கோடை என்றால் வெயிற்காலம் என்றும் பொருள். அதாவது கிழக்குக் காற்று மழை, மேற்குக் காற்று வறட்சி. தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பாட்டியிடம் ஒப்பித்தபோது அவர், “யாரு சொன்னது? மேகாத்துதானே மழையக் கொண்டாருது” என்றார். புத்தகம் சொல்வதா, பாட்டி சொல்வதா என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. தேசிய இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகு அதே காற்று மலாய்ப் புவியியல் புத்தகத்தில் ‘மொன்சூன் பாராட் டாயா’ ஆனது. அங்கே திசை மட்டும் இருந்தது, மழையா வெயிலா என்ற பேச்சு பெயரில் இல்லை.

விளக்கம் கிடைத்தது பல்கலைக்கழகத்தில், புவியியல் துறையில் நான் விருப்பப் பாடமாக எடுத்த ஒரு வகுப்பில். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று அரபிக் கடலில் ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்த காற்றாக இறங்குகிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி மழை மறைவுப் பிரதேசம். அங்கே ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, ஐப்பசி கார்த்திகையில் கிழக்கிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழையால் கிடைக்கிறது. ஆடி மாதத்தில் அம்மியையும் பறக்கவைக்கும் காற்று வெறும் காற்றுதான். ஆகவே கோடையும் கொண்டலும் அந்த மண்ணில் சரியான பெயர்கள். கப்பலேறி இங்கே வந்தபோது சொற்கள் கூடவே வந்தன, மலை மட்டும் வரவில்லை. புத்தகமும் பாட்டியும் இரண்டு வெவ்வேறு ஊர்களைப் பற்றிச் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள்.

அதே வகுப்பில் இன்னொரு வியப்பும் காத்திருந்தது. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்திலும் ‘மான்சூன்’ இருக்கிறதாம்! கள்ளிச் செடிகள் நிற்கும் அந்தப் பாலையில் கோடையின் உச்சத்தில் காற்றின் திசை திரும்புகிறது, தெற்கேயிருந்து ஈரம் ஏறி வருகிறது, பிற்பகல்களில் இடிமழை. டூசான் நகரத்தில் ஓராண்டில் பெய்யும் மழையே ஏறத்தாழ 270 மில்லிமீட்டர்தான். அதில் பாதிக்கு மேல் இந்தச் சில வாரங்களில் வருகிறது. சிங்கப்பூரில் 1978 டிசம்பர் 2 அன்று ஒரே நாளில் பாய லேபாரில் 512.4 மில்லிமீட்டர் கொட்டியது. டூசானின் ஏறக்குறைய இரண்டு ஆண்டு மழை. அங்கே முன்பெல்லாம் காற்றின் ஈரப்பதம் ஓர் அளவைத் தொட்டு மூன்று நாள் தொடர்ந்து நின்றால்தான் பருவம் தொடங்கியதாகக் கொள்வார்கள். 2008இல் வானிலைத் துறை அதை மாற்றி, ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை பருவம் என்று நாட்காட்டியிலேயே எழுதிவிட்டது. மக்களுக்கு எளிதாகப் புரிய வேண்டும் என்பதற்காக. மேகம் அதற்குக் கட்டுப்படுமா என்பது வேறு விஷயம்!

விரிவுரையாளர் 2011 ஜூலை 5 அன்று பீனிக்ஸ் நகரத்தை மூடிய புழுதிப் புயலின் படத்தைக் காட்டினார். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உயரமான மண்சுவர் ஒன்று நகரத்தை நோக்கி நடந்து வருகிறது. இடிமேகத்திலிருந்து இறங்கிய குளிர்காற்று முன்னால் ஓடி, காய்ந்த மண்ணைக் கிளப்பியதுதான் அந்தச் சுவர். சுமத்ராவுக்கு முன்னால் ஓடிவந்து எங்கள் சன்னலைத் தட்டுவதும் அதே குளிர்காற்றுதான். அங்கே கிளப்புவதற்கு மண் இருக்கிறது, இங்கே சாய்ப்பதற்கு மரம் இருக்கிறது.

மான்சூன் என்ற சொல், பருவம் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மலாயில் ‘மூசிம்’ என்று நாம் சொல்வதும் அதன் உடன்பிறப்புத்தான். டுரியானுக்கு ஒரு மூசிம், மழைக்கு ஒரு மூசிம். ஒரு சொல் பாலைவனம் வரை போய்க் குடியேறியிருக்கிறது என்றால், ‘மேகாத்து’ மாசாய் வரை வந்து வேறு பொருள் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

இனி அந்த அண்ணனைப் பற்றி.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தொண்டூழியர்களில் நானும் ஒருத்தி. சென்ற ஆண்டு ஜூனில் ஒரு வாரம் பாடம் வானிலை. கைப்பேசியில் வரும் முன்னறிவிப்பை வாசிக்கப் பழக்கினோம். ‘தண்டரி ஷவர்ஸ்’ என்று பலகையில் எழுதியதும், “ஷவர்னா குளிக்கிறதுல்ல?” என்று ஒருவர் கேட்க, வகுப்பே சிரித்தது. வெளியே தேக்காவில் அப்போது நிஜமாகவே ஷவர்ஸ். ஐந்தடி வழிகளில் எல்லாம் ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். வாரத்தில் ஒரே விடுமுறை நாளின் ஒரே மாலைப்பொழுது அப்படி நனைந்துகொண்டிருந்தது.

அந்த அண்ணன் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். செம்பவாங் பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருக்கிறார். வகுப்பில் ‘டீச்சர்’, வகுப்பு முடிந்ததும் ‘தங்கச்சி’. அன்று அவர் கேட்டார்.

“இதுல மத்தியானத்துக்குத்தான் போட்ருக்கு. காலைல அஞ்சரைக்கு எங்க விடுதி வாசல்ல மழ இருக்குமான்னு பாக்க முடியுமா?”

ஐந்தரை மணி லாரி வரும் நேரம். 2023 ஜனவரி முதல் ஆட்களை ஏற்றும் லாரிகளுக்கு மழைத் தடுப்பு விரிப்பு கட்டாயம். அதனால் மேலேயிருந்து விழும் மழை பெரிதில்லை என்றார். சுமத்ரா மேலேயிருந்து விழுவதில்லையே! பக்கவாட்டில் வருகிறது. லாரி வருவதற்கு முன் வாசலில் நிற்கும் பத்து நிமிடமும், இறங்கி வேலையிடத்துக்கு நடக்கும் பத்து நிமிடமும்தான் அவர்களுடைய வானிலை. காலையிலேயே சப்பாத்துக்குள் தண்ணீர் போனால் இரவு ஏழு மணி வரை அதோடுதான் நிற்க வேண்டும். மழை எட்டு மணிக்கு வந்தால் வேறு கதை: மின்னல் எச்சரிக்கை விளக்கு எரியும், கிரேன் நிற்கும், ஆட்கள் ஒதுங்கி உட்காருவார்கள். நின்ற வேலையை ஈடுகட்ட மாலையில் நேரம் நீளும்.

“எங்க ஊருப் பக்கம் மேகாத்து கெளம்பிருச்சுன்னா மானம் பொய்ச்சுப்போச்சுன்னு அர்த்தம் தங்கச்சி. கம்மா காய்ஞ்சு கெடக்கும், கருவேலம்தான் பச்சையா நிக்கும். ஐப்பசிக்குத்தான் மழ. இங்க என்னடான்னா மேகாத்துதான் கொண்டாந்து ஊத்துது. வந்த புதுசுல எனக்கு ஒண்ணும் பிடிபடல.”

மேகாத்து! பாட்டியின் வாயில் மட்டுமே நான் கேட்டிருந்த சொல். அதே சொல், நேர் எதிர்ப் பொருளில். நான்காம் ஆண்டுப் புத்தகம் ஆளாக வந்து முன்னால் உட்கார்ந்திருந்தது போல இருந்தது.

அவர் கேட்டதற்கு முன்னறிவிப்பில் விடையில்லை, மழை ரேடாரில் இருந்தது. பிற்பகல் இடிமழையைக் காட்டிலும் சுமத்ரா ஒரு வகையில் நாணயமானது. பிற்பகல் மேகம் ஒரு மணி நேரத்தில் எங்கோ முளைத்து, பெய்து, கரைந்துவிடும். அது ஈசூனில் முளைக்குமா, செம்பவாங்கில் முளைக்குமா என்று முதல்நாளே யாராலும் சொல்ல முடியாது. சுமத்ரா அப்படியில்லை. நடுஇரவிலேயே நீரிணையில் வரிசை கட்டத் தொடங்கிவிடும். ரேடார் படத்தில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு வில் போல வளைந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு விரற்கடை கிழக்கே நகரும். அது பாதி வழியில் கலைந்துபோகவும் கூடும் என்பதையும் சொன்னேன். வரைபடத்தில் கரிமூன் தீவைக் காட்டினேன். அங்கிருந்து செம்பவாங் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால்?

“ஒண்ணேகால், ஒண்ணரை மணி நேரம்” என்றார், நான் முடிப்பதற்குள். கண்மாய்க்கு எப்போது தண்ணீர் வந்து சேரும் என்று கணக்குப் போட்டுப் பழகியவருக்கு இது பெரிய வித்தையா?

அடுத்த வாரமே அவருடைய அறையில் ஒரு வாட்ஸ்அப் குழு உருவாகிவிட்டது. யார் முதலில் எழுகிறாரோ அவர் ரேடாரைப் பார்த்து மற்றவர்களுக்குச் செய்தி போட வேண்டும். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். சூறைக்காற்று, சுமத்ரா, இடியுடன் கூடிய மழை என்றெல்லாம் அதில் யாரும் எழுதுவதில்லை. அவர்கள் வைத்த பெயர் ‘கோடு’. ‘கோடு இல்ல’ என்று வந்தால் நிம்மதி. ‘கோடு வருது’ என்று வந்தால் மாற்றுச் சட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றுவார்கள், சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு இன்னொரு உறை போடுவார்கள், காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு செருப்போடு லாரி ஏறுவார்கள். அவ்வளவுதான். லாரியைத் தாமதமாக வரச்சொல்ல முடியாது, இன்றைக்கு வரவில்லை என்று சொல்ல முடியாது. ரேடாரை வைத்துக்கொண்டு நான் என்னவோ பெரிய உதவி செய்துவிட்டதாகத் தோழிகள் பாராட்டினார்கள். அவர்களிடம் பாட்டி பிள்ளைகளை எழுப்பாமல் விட்ட கதையைத்தான் சொன்னேன்.

நம் மொழியில் விடியலுக்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று இந்தக் கட்டுரைக்காக எண்ணிப் பார்த்தேன். வைகறை, புலரி, கருக்கல், விடியற்காலை, வெள்ளி முளைக்கும் நேரம், கோழி கூவும் நேரம், பலபலவென்று விடியும் நேரம். அந்தந்த நேரத்தில் விழித்திருந்து வேலை செய்தவர்கள் உண்டாக்கிய சொற்கள் இவை. கருக்கலில் வரும் மழை, விடிந்தபின் வரும் மழை என்று நம் வானொலி பிரித்துச் சொன்னால் கேட்க எவ்வளவு நன்றாக இருக்கும்! அறிவியல் அவ்வளவு துல்லியமாகச் சொல்ல இடங்கொடுக்காத நாட்களும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோடு கரிமூனைத் தாண்டிவிட்ட ஒரு காலையில் ‘அதிகாலைக்கும் முற்பகலுக்கும் இடையே’ என்று சொல்ல வேண்டிய தேவையில்லை.

சென்ற ஆண்டு ஆகஸ்ட்டில் ஒருநாள், தேர்வுக்காக விழித்துப் படித்துக்கொண்டிருந்தபோது நாலரை மணிக்குக் கைப்பேசி அதிர்ந்தது. ‘கோடு கரிமூன் தாண்டிருச்சு. அஞ்சே முக்கால்.’ செம்பவாங்கில் அஞ்சே முக்கால் என்றால் நீரிணைக்கு அப்பால், மாசாயில் ஆறு. பாட்டி இன்னமும் மூன்றரைக்கே எழுந்துவிடுகிறவர். தோட்டம் போய் எத்தனையோ ஆண்டாகிவிட்டது, உடம்புக்கு அது தெரியவில்லை. அழைத்தேன்.

“பாட்டி, ஆறு மணிக்கு அங்க மேகாத்து மழை வருது. துணி கெடந்தா எடுத்து வைங்க.”

அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மேற்கே பார்க்கப் போயிருப்பார். அங்கே இப்போது அடுக்கு வீட்டின் முதுகுதான் தெரியும்.

“ஆறு மணிக்கா?” என்றார். “பெரட்டு முடிஞ்சி நெரைக்குப் போயிருப்போம். கால்வாசி மரம் வெட்டியிருப்போம். ம்ஹூம், இன்னிக்குப் பாலு தேறாது.”